எண்ணெய் படாத வயிறு

சாணி நாறக்கூடாது. பட்டணத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மாட்டோடு வளர்ந்தவர்களைக் கேளுங்கள், தெரியும். புல்லும் சோளத்தட்டும் தின்கிற மாட்டின் சாணத்தில் ஒரு பச்சை வாசனை இருக்கும், அவ்வளவுதான். அதை வெறுங்கையால் அள்ளிக் கரைத்து வாசல் தெளித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சோறு தின்ற சனம் நாங்கள். இப்போது மாடு கட்டும் ஒரு கட்டுத்தரைக்குள் நுழைந்தால், பத்து நாள் ஊசிப்போன பலகாரச் சட்டியை மூக்கருகே பிடித்த மாதிரி அடிக்கிறது. சாணி கெட்டியாக விழுவதில்லை. மஞ்சளாக, கொழகொழவென்று வழிகிறது. மேலே எண்ணெய் மினுங்குகிறது. வறட்டி தட்டினால் ஒரு மாசமானாலும் காயாது. ஈகூட உட்கார யோசிக்கிறது. சீ!

என் பெயர் கருணாம்பிகை. உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில், சின்னோடைப்பாளையம் கால்நடை மருந்தகத்தில் பதினேழு வருஷமாக டாக்டர். இந்த நாற்றத்துக்கு நானும் ஒரு காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

மாட்டின் ஏப்பம் பூமியைச் சூடாக்குகிறது என்பது பொய்யில்லை. மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை புல்லை நொதிக்க வைக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியே வருகிறது. தீவனத்தில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால் அது குறையும். நான் செய்த ஆராய்ச்சியே அதுதான். ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, அதற்கு மேல் ஒரு கரண்டிகூடக் கூடாது என்று எழுதினேன். எல்லா மாட்டுக்கும் எண்ணெய் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது அந்த அளவு மூன்று மடங்காகியிருந்தது. "இலக்கை எட்டணும் மேடம்" என்றார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரில் வேண்டுமானாலும் எழுதியிருக்கும். அளவை முடிவு செய்த கூட்டத்தில் அதை நான் சொல்லவில்லை. பதவி உயர்வு வரும் என்று கையெழுத்துப் போட்டேன். அதுவும் வரவில்லை.

மாட்டின் மூக்குக் குத்திய துளையில், எண்ணெய் விற்கிற கம்பெனியார் ஒரு சில்லு மாட்டினார்கள். மாடு விடும் ஒவ்வோர் ஏப்பத்தையும் அது அளந்து மேலே அனுப்பும். ஏப்பம் கூடினால் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். பன்னிரண்டு வருஷத்தில் ஏப்பம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வளர்ந்த மாடுகள் எண்ணெயோடும் கம்பெனிக் கூழோடும் எப்படியோ காலம் தள்ளின. கன்றுகள்தான் செத்தன.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் காலையில் ராமாத்தாள் கூப்பிட்டாள். காலனியில் கடைசி வீடு அவளுடையது. புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். ஒரே ஒரு மயிலைப் பசு. அது ஈன்ற மூன்று கன்றுகளும் நாலாம் மாசத்தில், பால் மறக்கிற நேரத்தில் போய்விட்டன. இது நாலாவது, செவலைக் கிடாரி. மயிலைக்கு வயதாகிவிட்டதால் இதுதான் கடைசி ஈத்து. இதுவும் போனால் கட்டுத்தரை காலி. ராமாத்தாள் மறுபடியும் பெரியதனக்காரர் மாரப்பரின் தோட்டத்துக்குக் களை எடுக்கப் போக வேண்டும். அங்கே அவளுக்குக் குடிதண்ணீரைக் கைக்கு எட்டாத உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். அந்தத் தோட்டத்தைவிட்டு வெளியே வரத்தான் அவள் மாடே வாங்கினாள்.

"பாருங் டாக்டரம்மா. சோளத்தட்டைக் கடிக்குது, முழுங்குது, அப்படியே நிக்குது. அசை போட மாட்டேங்குது. வகுத்தைத் தொட்டா கல்லாட்டம் இருக்குது."

கன்றின் வாய் வழியாகக் குழாயை விட்டேன். நான்கு நாளைக்கு முன் தின்ற தட்டு முழுசு முழுசாக, புளித்த பாலோடும் எண்ணெய்த் திவலையோடும் வந்து காலில் கொட்டியது. மாட்டுக்குடலுக்குள் கைவிட்டே தலை நரைத்தவள் நான். எனக்கே கொல்லைப்பக்கம் ஓட வேண்டியிருந்தது.

"என்ன நோவுங்க இது?" ராமாத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம், இப்பத்தான் குடிச்சேன்" என்றேன். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் நான் சொல்லிவரும் பதில் அது. வாந்தி எடுத்த வாயோடும் அதையே சொன்னேன்.

"நோவு இல்லை ராமாத்தா. வயித்துக்குள்ள புல்லைச் செரிக்க வைக்கற பூச்சி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கன்னு பொறக்கறப்ப அதுகிட்ட இருக்காது. தாய் நக்கறப்ப, தாயோட எச்சில்ல இருந்து தொத்திக்கும். உன்ற மயிலைகிட்டயே இப்ப அது இல்லை. எண்ணெய் கொன்னுருச்சு."

அவள் கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டே யோசித்தாள்.

"அப்ப, பால் இருக்குது, ஒறை ஊத்த மோர் இல்லீங்கறீங்க."

"ஆமா."

"ஊருக்குள்ள ஒருத்தர் வீட்டுலயுமா ஒறை மோர் இல்லாம போச்சு?"

நான் ஆறு வருஷம் படித்ததை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. செத்த கன்றுக்கெல்லாம் "பால் போதாமை" என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியவள் நான்.

"சாமி மாடு எண்ணெய் குடிக்காதுங்களே" என்றாள் ராமாத்தாள்.

எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்! எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கல் அன்று பிறக்கிற கன்றைச் சாமிக்கு விட்டுவிடுவார்கள். சலங்கை மாடு என்று பெயர். அதை ஏரில் பூட்டக்கூடாது, மூக்குக் குத்தக்கூடாது. மூக்குக் குத்தாத மாட்டுக்குச் சில்லு ஏது? சில்லு இல்லாத மாடு கணக்கிலேயே இல்லை. அதற்கு யாரும் எண்ணெய் ஊற்றச் சொல்லவில்லை. நாலு கிலோமீட்டர் தள்ளிக் கோயில் தோப்பில் ஒரு காளை பதினோரு வருஷமாகப் புல் மேய்ந்து, அசை போட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

அன்றே போனேன். காளை வேப்பமரத்தடியில் படுத்திருந்தது. தொண்டையில் அசை உருண்டை ஏறி வாய்க்குள் வந்ததும் கடைவாயோரம் கையை விட்டுப் பிடித்து எடுத்தேன். பச்சைப்பசேல் என்று, சூடாக, கோழையோடு கையில் வழிந்தது. பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாகத்தான் இருந்திருக்கும். எனக்கோ அந்த வாசனை பட்டதும் அழுகை வந்துவிட்டது. சாணி எப்படி மணக்க வேண்டுமோ அப்படி மணந்தது.

அந்தப் பூச்சிகள் சூட்டிலேயே வாழ்கிறவை. குளிர்பட்டாலும் காற்றுப்பட்டாலும் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். மூடிய டிபன் டப்பாவில் போட்டு, டப்பாவைச் சுடுதண்ணீரில் இறக்கி, ஸ்கூட்டரில் பறந்தேன். துணியில் பிழிந்து கன்றின் வாயில் ஊற்றினோம். நாலு நாள் அதே வேலை. ஐந்தாம் நாள் காலையில் நான் போனபோது ராமாத்தாள் வாயில் விரலை வைத்து 'உஸ்' என்றாள். கன்று படுத்திருந்தது. தாடை இடமும் வலமும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"அசை போடுதுங்!" என்று கிசுகிசுத்தாள். பிறகு வரக்காப்பி கொண்டுவந்தாள். நான் வாங்கிக் குடித்தேன். அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்த வாரம் கம்பெனியின் களப்பணியாளர் நவநீதன் வந்தார். நல்ல பிள்ளை. கன்றைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மேடம், இது ஏப்பம் விடுது."

"விடட்டுமே. அதுதான் உசுரோட இருக்குதுன்னு அர்த்தம்."

"ஆறு மாசம் ஆனா மூக்குக் குத்தணும். எண்ணெய் குடுக்கணும். எனக்கு வேற வழி இல்லை."

"நவநீதன், இந்தச் சாணிக்குழியைப் பாருங்க." மேலே படர்ந்திருந்த ஏட்டை நான் குச்சியால் கிளறினேன். கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "செரிக்காத தட்டு முழுசா வெளிய வந்து இங்க கெடந்து அழுகுது. இதுல இருந்து வர்றதும் அதே வாயுதான். வாயில அளந்தீங்க. இங்க யாராச்சும் அளந்தீங்களா?"

"அது வேற டிபார்ட்மெண்ட் மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "எங்கப்பா வெயில்லதான் செத்தாரு. நாப்பத்தேழு டிகிரி, பஸ் ஸ்டாண்டுல. அதனாலதான் இந்த வேலைக்கு வந்தேன்" என்றார். குழியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "அளவைக் குறைக்கச் சொல்லி நீங்க எழுதுங்க. கீழ நானும் கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் ஊர்ல உள்ள கன்னுக்கெல்லாம் இந்த ஒறையைக் குடுத்துருங்க" என்றார். அந்தக் கம்பெனியில் அப்படியும் ஒருவர்.

ஒரு கன்றுக்கு ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுத்துவிட்டேன். ஊர்க் கன்றுகளுக்கெல்லாம் உறை ஊற்ற வேண்டுமென்றால் கோயில் மாட்டைத் தொட அனுமதி வேண்டும். பெரியதனக்காரர் மாரப்பரைப் பார்க்கப் போனேன். என் அப்பாவுக்கு மச்சான் முறை, என்னைச் செல்லமாகச் 'சாமி' என்று கூப்பிடுகிறவர். நான் சொன்னதைக் கேட்டு முதலில் சந்தோஷப்பட்டார். அவர் வீட்டிலேயே மூன்று கன்றுகள் பால் மறக்கிற பருவத்தில் நின்றன.

"அப்படியே ஆகட்டும் சாமி. நல்ல காரியந்தான். ஏற்கெனவே யாருக்காச்சும் குடுத்துப் பாத்தியா?"

பெருமையோடு சொல்லித் தொலைத்தேன். "ராமாத்தா கன்னுக்கு. பொழைச்சுக்கிச்சு."

மாரப்பர் வெற்றிலையைத் துப்பினார். "சாமி மாட்டு வாயில கையை விட்டு, அந்த எச்சியை அவ வீட்டுக்குக் கொண்டுபோனியா? உனக்கெல்லாம் படிப்பு எதுக்கு?"

மாட்டின் எச்சில் அவருக்குப் புனிதம். அது போய்ச் சேர்ந்த வீடுதான் அவருக்குக் குமட்டியது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சண்டை போட்டேன். எதுவும் ஏறவில்லை. மறுநாளே ஊர் கூடித் தீட்டுக் கழிக்க முடிவு செய்துவிட்டது.

மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, மாலை போட்டார்கள். அதோடு விட்டார்களா? சாமியின் மனம் குளிர வேண்டுமாம். வீட்டுக்கு ஒரு படி அரிசி வாங்கி, அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். ஊரார் வீட்டு நெய்யே என்று ஊற்றினார்கள். நான் தோப்பு வாசலில் நின்று கத்தினேன்.

"வருசா வருசம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநா எத்தனை மாட்டைத் தூக்கிட்டு வர்றீங்க எங்கிட்ட? சோறும் வெல்லமும் மாட்டு வகுத்துல புளிச்சு விஷமாயிரும். ஒரு கைப்பிடி போதும், நிறுத்துங்க!"

"டாக்டரம்மாவுக்குச் சாமின்னா தெரியாது" என்றார் ஒருவர். "அள்ளி வைப்பா, அது திங்கட்டும்" என்றார் மாரப்பர். பதினோரு வருஷம் புல்லைத் தவிர வேறெதுவும் அதிகம் தின்னாத காளை, வாழையிலையோடு சேர்த்து அந்த அண்டாவைத் தின்று முடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் மாரப்பரின் கார் என் வீட்டு முன்னால் நின்றது.

காளை தோப்பில் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. கண் உள்ளே போயிருந்தது. பின்னால் சாம்பல் நிறத்தில் தண்ணீர் மாதிரிப் பீய்ச்சியது, அதில் அரைகுறைச் சோற்றுப் பருக்கை. மஞ்சளும் மாலையும் அதிலேயே ஊறிக்கிடந்தன. பொங்கல் வைத்த சனம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி நின்றது. விலாவில் காதை வைத்தேன். உயிருள்ள வயிறு நிமிஷத்துக்கு ஒருதரமாவது இடிமாதிரி உறுமும். இதில் சத்தமே இல்லை. குழாய் விட்டுக் கழுவினேன், மருந்து கொடுத்தேன்.

"உள்ள இருந்த பூச்சி மொத்தமும் செத்துப்போச்சு. நல்ல அசை உடனே ஊத்தினா ஒருவேளை பொழைக்கும்" என்றேன்.

"எங்க கெடைக்கும்?" என்றார் மாரப்பர்.

"இந்தச் சீமையில ஒரே எடத்துலதான் இருக்குது."

அவருக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. பிறகு காரைக் காலனிக்கு விட்டார். நான் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். பனி இன்னும் விலகவில்லை. மலைக்காற்று காதைக் கடித்தது.

நடந்ததைச் சொன்னேன். ராமாத்தாள் தயங்கவே இல்லை. "சாமி மாடுங்களா? ஐயோ!" என்று கன்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்ன வயிற்றிலிருந்து ஒரு சொம்பு அளவுக்குத்தான் எடுக்க முடிந்தது. பையிலிருந்த உருப்பெருக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், பூச்சிகள் உயிரோடு நெளிந்தன. மாரப்பர் கொண்டுவந்திருந்த வெள்ளிக் கும்பாவில் அதை ஊற்றினேன். கும்பா சில்லென்று இருந்தது.

"இதை இப்படியே கொண்டுபோகக் கூடாது. சுடுதண்ணிக்குள்ள வெச்சுத்தான் கொண்டுபோகணும்" என்றேன்.

ராமாத்தாள் அடுப்பிலிருந்த சுடுதண்ணீரை வாளியில் ஊற்றி ஓடிவந்தாள். ஆவி பறந்தது. மாரப்பர் கும்பாவைத் துண்டால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

"வேண்டாம். நேரமாகுது. கார்ல எட்டு நிமிசத்துல போயிருவேன்."

"மாமா, செத்துப்போயிரும்! வாளிக்குள்ள வைங்க!"

"சாமிக்குப் போற பொருள் இது" என்றார். அவ்வளவுதான். கார் போய்விட்டது. ராமாத்தாள் வாளியைப் பிடித்தபடி நின்றாள். நான் அவளைப் பார்க்கத் திராணியில்லாமல் வண்டியைக் கிளப்பினேன்.

எட்டு நிமிஷத்தில் அவர் போகவில்லை. தோப்பு முகப்பில் பூசாரி தீபாராதனை காட்டிக் கும்பாவுக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தார், மூடியிருந்த துண்டை எடுத்துவிட்டு! பிடுங்கிக்கொண்டு ஓடி, ஒரு சொட்டை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். ராமாத்தாள் வீட்டில் திருவிழாக் கூட்டமாக நெளிந்தவை ஒன்றுகூட அசையவில்லை. ஆனாலும் ஊற்றினேன். உச்சிவேளைக்கு முன் காளை போய்ச் சேர்ந்தது.

குழி தோண்டும்போது கூட்டத்தில் பேச்சு ஆரம்பித்தது. அவள் வீட்டு எச்சில் சாமி மாட்டையே சாய்த்துவிட்டது என்றார்கள். என் காதுபட, என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மாரப்பரைத் தோப்புக்கு ஓரமாகக் கூப்பிட்டுக் கைநீட்டிச் சொன்னேன்.

"அவ எச்சி கொல்லலை. பொங்கல் பாதி கொன்னுது. மீதியை நீங்க கொன்னீங்க. ஒரு வாளிச் சுடுதண்ணியை வாங்கியிருந்தா இந்நேரம் எந்திரிச்சு உக்காந்திருக்கும். அந்தப் பூச்சி குளிர்லதான் செத்துச்சு. நான் என்ற கண்ணால பாத்தேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். கண்ணில் தண்ணீர் கோத்தது. சரி, எங்கேயோ தைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"குளிருதான் காரணமா?"

"ஆமா."

"சூடா இருந்திருந்தாப் பொழைச்சிருக்குமா?"

"பொழைச்சிருக்கும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்ற வீட்டுல மூணு கன்னு நிக்குது சாமி. இப்பல்லாம் பிளாஸ்க்கு இருக்குதல்ல? நம்ம வீட்டுச் சுடுதண்ணியை அதுல ஊத்திக் கொண்டுபோயி, சின்ன டப்பாவுல அசையை வாங்கி உள்ள எறக்கி மூடிக்கிட்டா? நம்ம தண்ணிதானே, ஆவுமா?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருஷமாகப் பொய் எழுதிய கைதானே. ஆனால் கேட்டது மாட்டைப் பற்றி, நான் டாக்டர்.

"ஆகும். தண்ணி யார் வீட்டுதுன்னு பூச்சிக்குத் தெரியாது" என்றேன். சொல்லிவிட்டு வாய்க்கால் ஓரமாகப் போய் மறுபடியும் வாந்தி எடுத்தேன். செத்த காளையின் நாற்றத்தால் இல்லை.

அடுத்த நாள் காலை ராமாத்தாள் வீட்டு வாசலில் ஏழு பிளாஸ்க்குகள் வரிசையாக இருந்தன. கொண்டுவந்தவர்கள் பாதைக்கு அந்தப்பக்கம், பனியில், துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி நின்றார்கள். மாரப்பரும் நின்றார்.

ராமாத்தாள் வெளியே வந்தாள். பிளாஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கன்னு தூங்குதுங்க" என்றாள், மரியாதையாகவே. "எழுப்பினா அசை வராது, எந்திரிச்சதும் தர்றேன். பனியில எதுக்குங்க நிக்கறீங்க? எல்லாரும் உள்ள வாங்க. அடுப்புல காப்பித்தண்ணி கொதிக்குது. நீங்க ஆளுக்கொரு டம்ளர் குடிச்சு முடிக்கறதுக்கும் அது எந்திரிக்கறதுக்கும் சரியா இருக்கும்."

யாரும் அசையவில்லை. மாரப்பர் என்னைப் பார்த்தார். "எத்தனை நேரம் தூங்கும் டாக்டரம்மா?" என்று பாதைக்கு அந்தப்பக்கமிருந்தே கேட்டார்.

நான் கட்டுத்தரைக்குள் எட்டிப் பார்த்தேன். கன்று முழித்துக்கொண்டுதான் இருந்தது. காதை ஆட்டிக்கொண்டு, வாய் நிறைய மென்றுகொண்டிருந்தது.

"சொல்ல முடியாதுங்க மாமா" என்றேன். "நல்ல தூக்கம்."